‘ஸ்வெத்தொஸ்லாவ்’ – ஒரு ஸ்லாவிய ஆண்பெயரின் பொருளும் வரலாறும்

இடுபெயர்கள் ஒரு மொழியின் மிகப் பழைய சொற்களைத் தம்முள் காத்து வைக்கும் இயல்புடையன. பேச்சு வழக்கில் ஒரு சொல் பொருள் மாறிய பின்னரும், சில வேளை முற்றிலும் மறைந்த பின்னரும், பெயரில் அது தங்கிவிடுகின்றது. கல்வெட்டுகளிலும் சங்கத் தொகைகளிலும் இடம்பெறும் மக்கட்பெயர்களை ஆராய்ந்தோர் இவ்வுண்மையைப் பலவாறு காட்டியுள்ளனர். எனினும் பெயராய்வில் ஓர் இடர் உண்டு. பெயர் நாடு விட்டு நாடு செல்லும். சென்ற இடத்து மொழியில் தன்னை ஒத்து ஒலிக்கும் சொல் எதுவோ அதனோடு உறவு கற்பிக்கப்பெறும். ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு பொருள் கூறும் வழக்கம் தமிழாய்வுக்கும் புதியதன்று. அவ்வாறு கூறப்பெறும் பொருள் எவ்விடத்துப் பிழைபடும், எவ்விடத்து எதிர்பாராத வகையில் உண்மையைத் தொட்டு நிற்கும் என்பதைத் தென்னிந்திய நகரொன்றில் நெடுங்காலம் வழங்கிய ஓர் அயற்பெயரைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

அப்பெயர் ஸ்வெத்தொஸ்லாவ் ரோரிக் என்னும் ஓவியருடையது. ஸ்லாவியச் சொற்களின் ஒலியே ஆய்வுக்குரிய சான்றாக அமைவதால் இங்குக் கிரந்த எழுத்துகள் தவிர்க்கப்பெறவில்லை.

பெயருக்குரியவர்

ஸ்வெத்தொஸ்லாவ் ரோரிக் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உருசியாவின் சென் பீட்டர்சுபர்க் நகரில் பிறந்தார். தந்தையார் நிக்கோலாய் ரோரிக் உலகப் புகழ் பெற்ற ஓவியர். தொல்பொருள் ஆய்விலும் ஈடுபட்டவர். தமையனார் யூரி ரோரிக் திபெத்தியல் அறிஞர். 1923ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்த இக்குடும்பம் பின்னர் இமயச் சாரலில் உள்ள குலு பள்ளத்தாக்கின் நக்கர் என்னும் ஊரில் தங்கியது. ஸ்வெத்தொஸ்லாவ் 1945இல் இந்தித் திரையுலகின் புகழ்மிக்க நடிகையான தேவிகா ராணியை மணந்தார். நாற்பதுகளின் இறுதியில் இருவரும் பெங்களூரை அடைந்து, கனகபுரா சாலையில் தாதகுணி என்னுமிடத்தில் ஏறத்தாழ 470 ஏக்கர் பரப்புள்ள தோட்டத்தில் வாழலாயினர். நறுமண எண்ணெய் தரும் லினலோ மரங்கள் அங்கு வளர்க்கப்பெற்றன. நேரு, இராதாகிருஷ்ணன் முதலியோரின் உருவ ஓவியங்களைத் தீட்டிய அவருக்கு 1961இல் பத்ம பூஷண் விருது வழங்கப்பெற்றது. 1993 சனவரி 30ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் தேவிகா ராணியும் மறைந்தார். இருவர் நினைவிடமும் தாதகுணித் தோட்டத்திலேயே உள்ளது. பெங்களூரின் கர்நாடகச் சித்திரகலா பரிஷத்தில் தந்தை மகன் இருவர் ஓவியங்களுக்கும் தனிக் காட்சிக்கூடங்கள் அமைந்துள்ளன.

இவர் பெயர் இருவேறு வடிவங்களில் வழங்குகின்றது. இந்திய நூல்களிலும் ஆங்கில வெளியீடுகளிலும் காணப்பெறுவது ‘ஸ்வெத்தொஸ்லாவ்’. உருசிய நூல்களில் காணப்பெறுவது ‘ஸ்வியத்தொஸ்லாவ்’. முதலசையில் ஓர் யகரத்தின் வரவே வேற்றுமை. எழுத்துக்கூட்டலில் நேர்ந்த சிறு பிறழ்வு என ஒதுக்கிவிடத் தோன்றும். ஆயினும் அந்த யகரத்தின் பின்னே ஆயிரம் ஆண்டு ஒலிவரலாறு மறைந்துள்ளது.

முதற்கூறு: மூன்று மொழிகள் காத்த மெல்லொற்று

பழைய ஸ்லாவிய ஆண்பெயர்களுள் பெரும்பகுதி இரு சொற்கள் கூடியமைந்த தொகைப்பெயர்கள். விளாதிமிர், யாரொஸ்லாவ், போலெஸ்லாவ், ஸ்தனிஸ்லாவ் முதலியன அத்தகையன. ‘ஸ்வியத்தொஸ்லாவ்’ என்பதும் ‘ஸ்வியத்’, ‘ஸ்லாவ்’ என்னும் இரு கூறுகளை உடையது. இடையில் நிற்கும் ஒகரம் இரண்டையும் இணைக்கும் சாரியை போன்றது.

‘ஸ்வியத்’ என்பதற்கு இன்றைய உருசிய மொழியில் தூய, புனிதமான என்பது பொருள். ஆனால் இச்சொல்லின் பழைய வடிவில் யகரம் இல்லை. ஆதி ஸ்லாவிய மொழியில் அது மூக்கொலி பெற்ற எகர உயிரை உடையதாயிருந்தது. தோராயமாக ‘ஸ்வென்த்’ என எழுதலாம். அம்மூக்கொலி உயிர் ஒவ்வொரு கிளைமொழியிலும் ஒவ்வொரு வகையாகத் திரிந்தது. உருசிய மொழியில் ‘ய’ ஆயிற்று. பல்கேரிய, செர்பிய மொழிகளில் எகரமாய் நின்றது. செக் மொழியில் அகரமாயிற்று. போலந்து மொழி மட்டும் மெல்லொற்றை இன்றுவரை ஒலித்து வருகின்றது. அங்குப் புனிதன் என்னும் சொல் ஏறத்தாழ ‘ஷ்வியெந்தி’ என ஒலிக்கும்.

எனவே ‘ஸ்வெத்தொஸ்லாவ்’ என்பது பிழையான வடிவம் அன்று. தென் ஸ்லாவிய மொழிகளில் இப்பெயருக்கு அதுவே முறையான வடிவம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கேரியாவை ஆண்ட தியோதர் ஸ்வெத்தொஸ்லாவ் என்னும் மன்னன் பெயரில் அதனைக் காணலாம். உருசியர் ஒருவர் அவ்வடிவைக் கொண்டிருந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

ஆதி ஸ்லாவிய மொழியில் மெல்லொற்று இருந்ததென்பது மொழியியலார் ஒப்பிட்டு மீட்டமைத்த கருதுகோள் மட்டுமா என்னும் ஐயம் எழலாம். இங்கு ஒரு கிரேக்க எழுத்துச் சான்று துணைநிற்கின்றது. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பைசாந்தியப் பேரரசன் ஏழாம் கான்ஸ்தந்தீன் தன் மகனுக்கென அரசியல் நூலொன்றைத் தொகுத்தான். அதன் ஒன்பதாம் இயல் உருசு வணிகர் தினீப்பர் ஆற்றின் வழியே கான்ஸ்தாந்திநோபிள் நகரத்துக்கு வரும் முறையை விரிக்கின்றது. வழியிலுள்ள பாறைநீர்வீழ்ச்சிகளின் பெயர்களை உருசு மொழி, ஸ்லாவிய மொழி என இரு மொழிகளிலும் அவ்வியல் தருகின்றது. இவ்வளவு நுட்பமாகச் செவிமடுத்த அவ்வியலில், இகோர் என்னும் அரசனுடைய மகனின் பெயர் ‘ஸ்ஃபெந்தொஸ்த்லாவொஸ்’ எனப் பதிவாகியுள்ளது. கீவ் நாட்டு அரசன் முதலாம் ஸ்வியத்தொஸ்லாவே அவன்.

தமிழ் எழுத்துமுறை அறிந்தோர்க்கு இக்கிரேக்க வடிவம் மிக எளிதில் விளங்கும். கிரேக்கத்தில் தகர ஒலி மெல்லொற்றை அடுத்து வரும்போது மென்மை பெறும். ‘பந்து’, ‘சொந்தம்’ என்னும் தமிழ்ச் சொற்களில் தகரம் மெல்லென ஒலிப்பதை இதனோடு ஒப்பிடலாம். ஆகவே ‘ஸ்வென்த்’ என்பதைக் கேட்ட கிரேக்க எழுத்தர் ‘ஸ்ஃபெந்த்’ என எழுதியது இயல்பே. மேலும், சகர ஒலியும் லகரமும் இடையீடின்றிச் சேர்ந்து வருதல் கிரேக்கர் நாவுக்கு ஏற்காமையின் இடையில் ஒரு வல்லொற்றைச் செருகினர். தமிழர் இத்தகைய இடங்களில் உயிரைச் செருகிச் ‘சுலாவ்’ என்பர். கிரேக்கர் மெய்யைச் செருகி ‘ஸ்த்லாவ்’ என்றனர். மொழிமுதல் மெய்ம்மயக்கத்தைத் தாங்காத மொழிகள் கையாளும் இருவேறு வழிகள் இவை.

மொராவிய நாட்டை 870 முதல் 894 வரை ஆண்ட ஸ்வத்தொப்ளுக் என்பவன் பெயரிலும் இதே முதற்கூறு உள்ளது. இரண்டாம் கூறு படையைக் குறிப்பது. செருமானியரும் இலத்தீன் எழுத்தரும் இப்பெயரை ‘ஸ்வென்திபால்து’ என எழுதினர். முதற்கூற்றின் மெல்லொற்று அப்படியே நிற்க, இரண்டாம் கூறு மட்டும் செருமானியத்தில் வீரன் எனப் பொருள்படும் ‘பால்து’ என்னும் சொல்லாக மாற்றப்பெற்றமை காண்க. விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக்கிக் கொள்ளும் இப்போக்கு, 895 முதல் 900 வரை லொத்தரிங்கியா நாட்டை ஆண்ட செருமானிய அரசனொருவன் அப்பெயரையே தாங்கும் அளவுக்கு வேரூன்றியது.

‘புனிதம்’ என்பது முதற்பொருளா?

பெயரின் பொருளைப் ‘புனிதப் புகழுடையோன்’ எனக் கூறிவிட்டு அமைதல் பொதுவழக்கு. ஆயினும் முதலாம் ஸ்வியத்தொஸ்லாவின் வாழ்க்கையே இதற்குத் தடையாக நிற்கின்றது. அவனுடைய தாய் ஓல்கா கிறித்தவம் தழுவியவள். மகனையும் அதற்கு அழைத்தபோது, தன் படைவீரர் நகைப்பர் எனக் கூறி அவன் மறுத்தான் என்று உருசியப் பழவரலாறு குறிக்கின்றது. பழைய தெய்வங்களையே வணங்கி, போர்க்களத்திலேயே காலம் கழித்து, 972இல் மேற்குறித்த தினீப்பர் பாறைவீழ்ச்சிகளின் அருகே பெச்செனேகர் தாக்குதலில் அவன் மடிந்தான். கீவ் நாட்டில் கிறித்தவம் அரசு சமயமானது அவன் மகன் விளாதிமிர் காலத்தில், 988ஆம் ஆண்டளவில். ஆகவே இவனுக்குப் பெயரிடப்பெற்ற காலத்தில் ‘ஸ்வென்த்’ என்னும் சொல் கிறித்தவப் புனிதத்தைக் குறித்திருக்க இயலாது.

அச்சொல்லின் உறவுகளை நோக்கின் பழம்பொருள் ஓரளவு புலனாகும். இலித்துவேனிய மொழியில் புனிதத்தைக் குறிக்கும் ‘ஷ்வென்தஸ்’ என்னும் சொல் இதன் உடன்பிறப்பு. அங்கும் மெல்லொற்று நிற்கின்றது. ஈரானிய மொழிகளுள் தொன்மையான அவெஸ்தாவில் ‘ஸ்பென்த’ என்னும் சொல் உண்டு. வளர்ச்சியும் ஆற்றலும் தரும் நலம் என்னும் கருத்தை அறிஞர் அதற்கு உரைப்பர். ஆகவே பருத்தல், வலிமை பெறுதல் என்பதே அடிப்பொருளாக, அதிலிருந்து தெய்வ ஆற்றல் நிறைந்த என்னும் பொருளும், சமய மாற்றத்திற்குப் பின் புனிதமான என்னும் பொருளும் கிளைத்தன எனக் கொள்வது பொருந்தும். தமிழில் ‘அணங்கு’, ‘சூர்’ முதலிய சொற்கள் ஆற்றலையும் தெய்வத்தையும் ஒருங்கே குறித்து நிற்றலை ஒப்புநோக்கின் இவ்வளர்ச்சி வியப்பளிக்காது. போர்விருப்பம் மிக்க அரசனுக்கு ‘ஆற்றல் மிக்க புகழினன்’ என்னும் பெயரே ஏற்றது.

பார்சி மக்களின் நாட்காட்டியில் இறுதி மாதம் ‘ஸ்பென்த ஆர்மைத்தி’ என்னும் தெய்வத்தின் பெயரால் அமைந்தது. இன்றைய ஈரானில் அம்மாதம் ‘எஸ்ஃபந்த்’ எனச் சுருங்கி வழங்குகின்றது. ஃபிர்தௌசியின் ஷாநாமாவில் வரும் இஸ்ஃபந்தியார் என்னும் வீரன் பெயரும் ‘ஸ்பென்த’ என்பதை முதற்கூறாக உடைய பழம்பெயரின் திரிபே. இந்தியாவிலும் பாரசீக மரபு சார்ந்தோரிடையே அப்பெயர் வழங்கியதுண்டு. ஸ்வெத்தொஸ்லாவ் என்னும் பெயரின் முதற்பாதிக்கு இந்தியாவில் உறவு தேட விரும்புவோர் இந்த ஈரானிய வழியாகவே தேடுதல் வேண்டும்.

இச்சொல்லைப் பற்றிய இன்னொரு குழப்பமும் குறிப்பிடத்தக்கது. பால்திக் கடலிலுள்ள ரூகன் தீவின் அர்கோனா என்னுமிடத்தில் ஸ்வந்தெவித் என்னும் ஸ்லாவியத் தெய்வத்தின் கோயில் இருந்தது. 1168இல் தேனிய அரசன் வால்தெமார் அதனை அழித்தான். அத்தெய்வத்தின் பெயர் புனித வீதுஸ் என்னும் கிறித்தவ மறைச்சாட்சியின் பெயரிலிருந்து வந்ததென அந்நூற்றாண்டு இலத்தீன் வரலாற்றாசிரியர் ஹெல்மோல்து எழுதினார். ஒலியொப்புமை தவிர வேறு சான்று இதற்கில்லை. பழஞ்சமயத் தெய்வமொன்றைத் தம் சமயத்தின் சிதைந்த நினைவாகக் காட்டும் விருப்பமே அங்குச் சொற்பிறப்பாக உருவெடுத்தது.

இரண்டாம் கூறு: கேட்கப்படுவதே புகழ்

‘ஸ்லாவ’ என்பது புகழ். இக்கூற்றில் ஐயத்துக்கு இடமில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் கேட்டலைக் குறிக்கும் அடிச்சொல்லிலிருந்து இது பிறந்தது. வடமொழியில் ‘ச்ரு’ என்னும் அடியும், அதிலிருந்து வந்த ‘ச்ருதி’, ‘ச்ரவணம்’, ‘ச்ரவஸ்’ என்னும் சொற்களும் இக்குடும்பத்தன. அவற்றுள் ‘ச்ரவஸ்’ என்பதற்குப் புகழ் என்பது பொருள். கிரேக்கத்தில் இதற்கு ஒத்த சொல் ‘கிளெஒஸ்’. ஸ்லாவியத்தில் ‘ச்ரவஸ்’ என்பதற்கு அமைப்பு முறையில் நேர் இணையாவது ‘ஸ்லொவொ’. அது ‘சொல்’ எனப் பொருள்படும். ‘ஸ்லாவ’ அதே அடியிலிருந்து உயிர் நீண்டு பிறந்த மற்றொரு வடிவம். ஒப்பீட்டில் இத்தகைய வேறுபாடுகளை மறைத்தல் ஆகாது.

பெயர்ப்பகுதியாக இச்சொல் இம்மூன்று மொழிகளிலும் ஈற்றில் நிற்பது சிறப்பாகக் கருதத்தக்கது. கிரேக்கத்தில் பெரிக்ளெஸ், சோஃபொக்ளெஸ், தெமிஸ்தொக்ளெஸ் என்பன ‘கிளெஒஸ்’ என முடிந்த பெயர்கள். வடமொழி இதிகாசங்களில் விச்ரவஸ், பூரிச்ரவஸ் என்பன அத்தகையன. இராவணனுக்கும் குபேரனுக்கும் தந்தையான விச்ரவஸ் தமிழ்ப் படிப்போர் நன்கறிந்த பெயர். குபேரனைக் குறிக்கும் ‘வைச்ரவணன்’ என்னும் பெயரும் அதன் வழிவந்தது. பாரதப் போரில் கௌரவர் பக்கம் நின்ற பூரிச்ரவஸ் என்பவனின் பெயர் ‘மிகுபுகழினன்’ எனப் பொருள்படும். ஸ்லாவியரின் வியாச்செஸ்லாவ், போலெஸ்லாவ் என்னும் பெயர்களும் ‘பெரும்புகழினன்’, ‘மேம்பட்ட புகழினன்’ என்றே பொருள் தருவன. கங்கைக் கரையில் பாடப்பெற்ற வீரனும் விஸ்துலா ஆற்றங்கரையில் ஆண்ட மன்னனும் பொருளால் ஒரே பெயர் தாங்கினர். பெயரின் ஈற்றில் மட்டுமன்றிப் பாட்டிலும் இம்மரபு பொதுவானது. ‘அழியாப் புகழ்’ என்னும் தொடர் ரிக் வேதத்திலும் ஹோமரின் காப்பியத்திலும் ஒரே அடிச்சொற்களால் அமைந்திருத்தலை அடால்பர்ட் கூன் என்னும் செருமானிய அறிஞர் 1853இல் எடுத்துக்காட்டினார்.

இந்திரனுடைய குதிரையின் பெயரான உச்சைச்ரவஸ் என்பதற்கு உயர்ந்த செவியுடையது எனவும் உரத்த கனைப்புடையது எனவும் இருவகையாகப் பொருள் கூறுவர். புகழ், ஒலி, செவி ஆகிய மூன்றும் ஒரே வேரில் பின்னிக் கிடத்தலை இச்சொல் காட்டுகின்றது.

தமிழ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் கருத்து வளர்ச்சியில் வியத்தகு ஒற்றுமை உண்டு. ‘இசை’ என்னும் சொல் ஒலியையும் பண்ணையும் புகழையும் ஒருங்கே குறிப்பது. திருக்குறளின் புகழ் அதிகாரத்தில் புகழைக் குறிக்க இச்சொல்லும் ஆளப்பெற்றுள்ளது. ‘சொல்’ என்பதும் பழந்தமிழில் புகழ்ப்பொருள் தரும். கேட்கப்படுவது எதுவோ அதுவே புகழ் என்னும் கருத்தை இருவேறு மொழிக்குடும்பங்கள் தனித்தனியே வளர்த்துள்ளன; ஒரு குடும்பம் மற்றொன்றிடம் கடன்பெற்றது எனக் கூற வேண்டிய தேவையில்லை. பெயரிடும் வழக்கிலும் ‘புகழேந்தி’ என்னும் தமிழ்ப் பெயரைப் ‘பெயர் + புகழ்’ என்னும் ஸ்லாவிய அமைப்போடு ஒப்பிடலாம். ஆனால் புகழ் இங்கு முதலில் நிற்கின்றது. ஸ்லாவியத்தில் ஈற்றில் நிற்கின்றது. கர்நாடக வரலாற்றில் பாதாமிச் சாளுக்கியர் ‘கீர்த்திவர்மன்’ எனப் பெயர் பூண்டதும் இவ்வகையில் எண்ணத்தக்கது.

அரசர் பெயர் அருகியதும் மீண்டதும்

முதலாம் ஸ்வியத்தொஸ்லாவின் பெற்றோர் பெயர்களான இகோர், ஓல்கா என்பன ஸ்காந்தினாவியப் பெயர்களின் திரிபுகள். இங்வார், ஹெல்கா என்பன அவற்றின் மூலங்கள். வடக்கிலிருந்து வந்த ஆளுங்குடி உள்நாட்டு மொழியை ஏற்றமைக்கு அக்குடியில் முதன்முதலாகத் தூய ஸ்லாவியப் பெயர் தாங்கிய இவ்வரசனே சான்று. ஹெல்கா என்பதற்கும் புனிதம் சார்ந்த பொருளே உண்டு. குடிமுதல்வனாகக் கூறப்பெறும் ரூரிக்கின் பெயரில் புகழைக் குறிக்கும் சொல் உள்ளது. இவ்விரு பெயர்களையும் மொழிபெயர்த்து இணைத்தே ‘ஸ்வியத்தொஸ்லாவ்’ என்னும் பெயர் ஆக்கப்பெற்றது என்றொரு கருத்தும் உண்டு. கவர்ச்சியான கருத்தே, எனினும் இதே கூறுகளைக் கொண்ட பெயர்கள் ஸ்காந்தினாவியத் தொடர்பில்லாத தென் ஸ்லாவியரிடத்தும் மேற்கு ஸ்லாவியரிடத்தும் வழங்குதலின் அதனை உறுதியாக ஏற்றல் அரிது.

கிறித்தவம் பரவிய பின் உருசிய இளவரசர் இரு பெயர் தாங்கினர்: குடிமரபில் வரும் ஸ்லாவியப் பெயர் ஒன்று, திருமுழுக்கில் பெறும் கிரேக்கப் பெயர் ஒன்று. விளாதிமிர் திருமுழுக்கில் வசீலி. அவன் மகன் யாரொஸ்லாவ் கியோர்கி. 1076இல் இறந்த இரண்டாம் ஸ்வியத்தொஸ்லாவின் திருமுழுக்குப் பெயர் நிக்கோலாய். (தாதகுணி ஓவியரின் முழுப்பெயரான ஸ்வியத்தொஸ்லாவ் நிக்கோலாயெவிச் என்பதில் இவ்விரு பெயர்களும் அருகருகே நிற்பது தற்செயலே.) நாளடைவில் திருமுழுக்குப் பெயரே மேலோங்கியது. புனிதர் வரிசையில் இடம்பெற்ற விளாதிமிர் போன்ற சில ஸ்லாவியப் பெயர்கள் மட்டும் மக்களிடையே நிலைத்தன. ஸ்வியத்தொஸ்லாவ் என்பது இடைக்காலத்துக்குப் பின் அருகியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய உருசிய வரலாற்றின்பால் ஏற்பட்ட ஆர்வம் இப்பெயரை மீட்டது. இகோர் என்னும் இளவரசனின் படையெடுப்பைப் பாடும் பழங்காப்பியத்தில் கீவ் நாட்டுப் பேரரசனாக மற்றொரு ஸ்வியத்தொஸ்லாவ் வருகின்றான். அக்காப்பியத்தைத் தழுவிப் பொரொதின் இயற்றிய ‘இளவரசர் இகோர்’ என்னும் இசைநாடகம் 1890இல் அரங்கேறியது. அந்நாடகத்தின் நடனப் பகுதி 1909இல் பாரிசில் நிகழ்ந்தபோது அரங்க ஓவியம் தீட்டியவர் நிக்கோலாய் ரோரிக். பழைய ஸ்லாவியக் குடியிருப்புகளையும் படகுகளையும் இளமை முதலே வரைந்து வந்த அவர் தம் இளைய மகனுக்கு இப்பெயர் இட்டது அவருடைய ஈடுபாட்டோடு முற்றும் பொருந்துகின்றது. புகழ்பெற்ற பியானோக் கலைஞர் ஸ்வியத்தொஸ்லாவ் ரிஹ்தெர் (1915–1997) இதே தலைமுறைப் பெயரீட்டுக்கு மற்றொரு சான்று.

‘சுவேத’ என்னும் மயக்கம்

இந்தியச் செவிக்கு ‘ஸ்வெத்தொ’ என்னும் ஒலி வெண்மையைக் குறிக்கும் ‘சுவேத’ என்னும் வடசொல்லை நினைவூட்டுவது இயல்பு. வெண்புகழோன், ஒளிப்புகழோன் என இப்பெயருக்குப் பொருள்கொள்ள அதுவே தூண்டும். தமிழ்ப் புலவர் புகழை வெண்ணிறமாகப் பாடும் மரபும் இதற்குத் துணைபோகும். இது பிழை. ஆனால் முழுப்பிழை எனவும் தள்ளிவிட இயலாது என்பதே இதன் சிக்கல்.

ஸ்லாவியத்தில் ஒளியையும் உலகையும் குறிக்கும் ‘ஸ்வேத்’ என்னும் வேறொரு சொல் உண்டு. மெல்லொற்று அதில் என்றும் இருந்ததில்லை. வடமொழிச் ‘சுவேத’ என்பதற்கு உண்மையான உறவினன் இச்சொல்லே. உருசியப் பெண்பெயரான ஸ்வெத்லானா இதிலிருந்து பிறந்தது, அப்பெயர் பழமையானதன்று, 1813இல் வெளிவந்த ஜுக்கோவ்ஸ்கியின் கதைப்பாட்டால் பரவியது. ஆக, ‘சுவேத’ என்பதற்கும் ‘ஸ்வேத்’ என்பதற்கும் உறவு உண்டு. ‘ஸ்வேத்’ என்பதற்கும் ‘ஸ்வென்த்’ என்பதற்கும் உறவு இல்லை. இடையில் நிற்கும் மெல்லொற்று இரண்டையும் பிரிக்கின்றது. அவ்வொற்று மறைந்துபோன தென் ஸ்லாவிய மொழிகளில் இவை நெருங்கிவிடுகின்றன. செர்பிய மொழியின் ஒரு வழக்கில் புனிதமும் உலகும் ஒரே எழுத்து வடிவில் எழுதப்பெறுகின்றன. எனவே மயக்கம் இந்தியருக்கு மட்டும் உரியதன்று.

ரோரிக் குடும்பத்திலும் இம்மயக்கம் இடம்பெற்றிருந்தது எனலாம். பெற்றோர் தம் இளைய மகனை ‘ஸ்வேத்திக்’ எனச் செல்லமாக அழைத்தனர். உருசியர் செவியில் அப்பெயர் ஒளியைக் குறிக்கும் சொல்லின் குறுமை வடிவாகவே ஒலிக்கும். ‘ஸ்வியத்’ என்பதிலிருந்து முறையாக வரும் செல்லப்பெயர் ‘ஸ்வியாத்திக்’ என்றாகும். இமயத்தின் பனி ஒளியையும் தென்னிந்தியச் செம்மண் நிலத்தையும் கூர்வண்ணங்களில் தீட்டிய ஓவியருக்கு ஒளிப்பெயர் பொருத்தமே என நயம் பாராட்டலாம். ஆயின் சொற்பிறப்பு வேறு, பெயருக்குரியோரும் சுற்றத்தாரும் பெயரில் உணர்ந்த பொருள் வேறு. முன்னதற்குச் சான்று ஒலிவரலாறு. பின்னதற்குச் சான்று குடும்ப வழக்கு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவுதல் கூடாது. ஒன்றால் மற்றொன்றை மறுத்தலும் வேண்டுவதில்லை.

தமிழில் எழுதும் முறை

இப்பெயரைத் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் ‘ஸ்வெடோஸ்லாவ் ரோரிச்’ என டகரமும் ஈற்றுச் சகரமும் இட்டு எழுதுவன. இரண்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே புகுந்தவை. உருசியத் தகரம் பல்லில் பிறப்பது. தமிழ்த் தகரமே அதற்கு அணித்தான ஒலி. மாஸ்கோவிலிருந்து வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்புகளில் இந்நெறி பெரும்பாலும் பின்பற்றப்பெற்றது. தஸ்தயேவ்ஸ்கி என்னும் பெயர் தகரத்தோடு தமிழில் நிலைத்தது அவ்வாறே. குடிப்பெயரின் ஈற்றொலியும் உருசியத்தில் சகரம் அன்று. தொண்டையில் உரசிப் பிறக்கும் ககர இன ஒலி. இவற்றை நோக்க ‘ஸ்வெத்தொஸ்லாவ் ரோரிக்’ என எழுதுதல் ஏற்புடைத்து. வடவெழுத்து நீக்கி எழுத விழைவோர் தொல்காப்பிய நெறிப்படி ‘சுவெத்தொசுலாவு’ எனலாம்; அதனால் பெயரின் வரலாறு சிதைவதில்லை. சிதைப்பது ‘சுவேதசுலாவ்’ என ஏகாரமும் அகரமும் இட்டு வடசொல்லாக்கும் முயற்சியே.

நூலகப் பட்டியல்களிலும் கலைக்கூடக் குறிப்புகளிலும் இருவடிவமும் தனித்தனிப் பதிவாவதால் ஒருவருடைய படைப்புகள் இருவருடையன போலப் பிரிந்து கிடக்க நேர்கின்றது. உருசிய நூல்களைத் தேடுவோர் யகர வடிவிலும் இந்திய நூல்களைத் தேடுவோர் எகர வடிவிலும் தேடுதல் வேண்டும். பட்டியலாளர் எகர வடிவைத் தலைப்பாகவும் யகர வடிவைச் சுட்டுப் பதிவாகவும் கொள்ளுதல் நன்று. ஓவியர் இந்தியாவில் தாமே ஆண்ட வடிவம் அதுவாதலின்.

குடிப்பெயரைப் பற்றியும் ஒரு சொல். ‘ரோரிக்’ என்பதற்குப் ‘புகழ் மிக்கவன்’ என்று அக்குடும்ப மரபு பொருள் கூறிவந்தது. மேலே குறித்த ரூரிக் என்னும் பெயரோடு அது இணைத்துப் பேசப்பெற்றது. அம்மரபுரையை ஏற்றால் ஓவியரின் பெயரில் புகழ் இருமுறை வருகின்றது. தாதகுணித் தோட்டத்தைக் கையகப்படுத்தக் கர்நாடக அரசு 1996இல் தனிச் சட்டம் இயற்றியது. நெடிய வழக்குக்குப் பின் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் தலைப்பில் ‘ரோரிக்’, ‘தேவிகாராணி ரோரிக்’ என்னும் இருவர் பெயரும் உள்ளன. மனைவியார் இடுபெயரோடு குறிக்கப்பெற, கணவர் குடிப்பெயரால் மட்டுமே குறிக்கப்பெற்றார். ‘ஸ்வெத்தொஸ்லாவ்’ என்னும் சொல் அத்தலைப்பில் இடம்பெறவில்லை.